எதில் கழுவுவது?

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் திருத்த முடியாத காரியங்கள் இரண்டுதான். ஒன்று, ஷட்டரை அமுக்குவது. மற்றது, எடுத்த பிலிமை டெவலப்பரில் இறக்குவது. மற்றதையெல்லாம் மறுபடி செய்துகொள்ளலாம். பிரிண்ட் பிடிக்கவில்லையென்றால் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று போடலாம். இருபது வருடம் கழித்து வேறு காகிதத்தில், வேறு மனநிலையில்கூடப் போடலாம். நெகட்டிவுக்கு அந்தச் சலுகை கிடையாது. டாங்குக்குள் போன பத்து நிமிடத்தில், நிழலில் எது தெரியும், வெளிச்சத்தில் எது அடைத்துக்கொள்ளும் என்பது முடிவாகிவிடுகிறது. அந்தப் பத்து நிமிடமும் நாம் எதையும் பார்ப்பதில்லை. மூடிய டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டிருக்கிறோம், அவ்வளவே.

புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் பியானோக் கலைஞராக வந்திருக்க வேண்டியவர். நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிடுவார். அழகான உவமைதான். ஆனால் இசைக்குறிப்பை எழுதுகிறவர் அடித்துத் திருத்தி எழுதலாம். கழுவிய நெகட்டிவில் யாரும் எதையும் அடித்துத் திருத்த முடியாது. அதனால்தான் எந்த டெவலப்பர் என்கிற கேள்வி, சில நூறு ரூபாய் பாட்டிலுக்குப் பொருந்தாத பதற்றத்தோடு கேட்கப்படுகிறது. பதிலும் பெரும்பாலும் ருசியின் மொழியில்தான் வருகிறது: இதில் கிரெயின் மென்மை, அதில் விளிம்பு கூர்மை, இன்னொன்றில் சாம்பல் நிறங்கள் உருகி ஓடும். இதெல்லாம் பொய்யில்லை. ஆனால் மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்விக்கு முதலிலேயே சொல்லப்படும் பதில்கள் இவை. உங்கள் வீட்டுத் தண்ணீர் எவ்வளவு சூடு, எத்தனை நாளுக்கு ஒருமுறை பிலிம் கழுவுவீர்கள்: இந்த இரண்டையும் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒளி பட்ட பிலிமில், கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் நடந்திருப்பதில்லை. ஒரு வெள்ளி உப்புப் படிகத்தின்மேல் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒரு புள்ளியாகச் சேர்ந்திருக்கும். அவ்வளவுதான் ஒளி செய்த வேலை. டெவலப்பர் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு படிகம் முழுவதையும் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி செய்ததை நூறு கோடி மடங்கு அளவில் பெருக்கிக் காட்டுகிறது என்று சொன்னால் மிகையாகாது. நேரம் கொடுத்தால் ஒளி படாத படிகங்களையும் அது கறுப்பாக்கிவிடும். மூட்டம் என்பது அதுதான். பட்டதற்கும் படாததற்கும் இடையிலுள்ள வேகவித்தியாசம் ஒன்றை வைத்துக்கொண்டுதான் இந்தக் கலை முழுவதும் நடக்கிறது.

அந்தப் புள்ளிகள் காத்திருக்கவும் செய்யும். புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984-ல் இறந்தபோது ஏறத்தாழ 2,500 ரோல்களைக் கழுவாமலே விட்டுச் சென்றார். உயிரோடு இருந்த காலத்திலும் எடுத்த கையோடு கழுவ மாட்டார். எடுத்த நேரத்து மகிழ்ச்சி படத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், அது உதிரட்டும் என்று தள்ளிப் போடுவார். நம் ஊர் வெப்பத்தில் இந்தத் தத்துவம் நடக்காது. ஏப்ரலில் எடுத்த ரோலை ஆறு மாதம் அலமாரியில் போட்டுவைத்தால் மகிழ்ச்சியோடு கொஞ்சம் நிழல் விவரமும் சேர்ந்து உதிரும்.

டெவலப்பருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க டி-76-ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். இது ரகசியமே இல்லை. தொண்ணூறு வருடத்துக்கும் மேலாக அச்சில் இருக்கும் சூத்திரம். கோடக் நிறுவனத்தில் ஜான் கேப்ஸ்டாஃப் 1920களின் பிற்பாதியில் இதை உருவாக்கியபோது அவர் மனத்தில் இருந்தது சினிமாப் படச்சுருள். 1925-ல் லைக்கா காமிரா விற்பனைக்கு வந்து, அதே 35 மில்லிமீட்டர் சினிமாச் சுருளில் ஸ்டில் படம் எடுக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிய நெகட்டிவ். அதைப் பெரிதாக்கும்போது கிரெயின் அடங்கியிருக்க வேண்டும். சினிமாக்காரர்களுக்காகச் செய்த கரைசல் இவர்களுக்கும் பொருந்திப்போயிற்று. இல்ஃபோர்டின் ஐடி-11 என்பதும் நடைமுறையில் இதே சரக்குதான்; டப்பா வேறு, விலை வேறு.

இந்த நான்கு பொருள்களுக்குள் நடக்கும் வேலைப் பங்கீடு ரசிக்கத்தக்கது. மெட்டால் முதலில் கிளம்பும். நிழல் பகுதிகளில் மங்கலாக இருப்பதை எழுப்பிவிடும், ஆனால் அழுத்தம் கொடுக்காது. ஹைட்ரோகுயினோன் தனியாக விட்டால், இந்த அளவு மென்மையான காரத்தில் அநேகமாக ஒன்றுமே செய்யாது. மெட்டாலோடு சேர்ந்தால் களைத்துப்போன மெட்டாலை மீண்டும் மீண்டும் புதுப்பித்து வேலைக்கு அனுப்பும். இரண்டும் தனித்தனியாகச் செய்யக்கூடியதைக் கூட்டினால் வருவதைவிட, சேர்ந்து செய்வது அதிகம். போராக்ஸ் காரம் கொடுக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் என்று கேட்டால் தருவார்களே, அதுதான். மிச்சமிருக்கும் சல்ஃபைட்டின் வேலை காற்றிலுள்ள ஆக்சிஜன் மற்றவற்றைக் கெடுத்துவிடாமல் காப்பது. ஆனால் அதற்கு 100 கிராம் தேவையில்லை. அவ்வளவு போடும்போது அது வெள்ளிப் படிகங்களின் ஓரத்தையும் சிறிது கரைக்கிறது. கிரெயின் மென்மையாவது அதனால்தான். கூர்மை ஒரு மயிரிழை குறைவதும் அதே காரணத்தால்தான்.

டெவலப்பர் பற்றிய சண்டைகள் எல்லாமே கடைசியில் இந்த இடத்தில் வந்து முடிகின்றன. மென்மையான கிரெயின், கூர்மையான விளிம்பு, பிலிமின் முழு வேகம் ஆகிய மூன்றையும் ஒரே கரைசலிடம் கேட்க முடியாது. சல்ஃபைட்டைக் கூட்டினால் கிரெயின் அடங்கும், விளிம்பு மழுங்கும். நீர்த்துப் பயன்படுத்தினால் விளிம்பு எழும்பும், கிரெயினும் கூடவே எழும்பும். பெர்செப்டால் மாதிரி மிக நுண்ணிய கிரெயின் தருபவை பிலிமின் வேகத்தில் கைவைக்கும். 400 என்று டப்பாவில் போட்டிருக்கும் பிலிமை அதைவிடக் குறைவாக மதித்து எடுக்க வேண்டியிருக்கும். மைக்ரோஃபென் வேகம் தரும், கிரெயினையும் தரும். டி-76-ஐச் சம அளவு தண்ணீர் சேர்த்து உபயோகிப்பது மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கட்டும் என்கிற சமரசம். சமரசம் என்றாலே சிலருக்கு முகம் சுளிக்கும். எனக்கில்லை.

இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று நெருக்கிக்கொண்டுவர ஆயுள் முழுவதும் பாடுபட்டவர்களும் உண்டு. பிரிட்டனில் ஜெஃப்ரி க்ராலி எஃப்எக்ஸ் என்று வரிசை எண்ணிட்ட கரைசல்களாகச் செய்து தள்ளினார். பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் போட்டோகிராஃபி இதழின் ஆசிரியராக இருந்தவர் அவர். காட்டிங்லி என்ற கிராமத்தில் 1917-ல் இரண்டு சிறுமிகள் தேவதைகளோடு எடுத்துக்கொண்டதாகச் சொல்லி, ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயிலையே நம்பவைத்த படங்கள் எப்படி உண்டாயின என்று 1980களில் நிதானமாகப் பிரித்துக் காட்டியவரும் அவர்தான். நெகட்டிவில் என்ன இருக்க முடியும், என்ன இருக்க முடியாது என்பது கரைசல் கலக்குகிறவனுக்குத் தெரிகிற மாதிரி துப்பறியும் கதாசிரியருக்குத் தெரிவதில்லை.

ரோடினலின் கதை வேறு. 1891-ல் ஜெர்மனியில் அக்ஃபாவுக்காக மோமே ஆண்ட்ரேசன் காப்புரிமை பெற்ற திரவம். அன்றைக்கு ரோல் பிலிமே புதுசு, பெரும்பாலோர் கண்ணாடித் தகட்டில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாரா அமினோஃபீனாலைக் கடுங்காரத்தில் கரைத்த அடர்த்தியான சரக்கு; ஒன்றுக்கு 25, 50, 100 பங்கு தண்ணீர் சேர்த்து ஒருமுறை உபயோகித்துக் கொட்டிவிட வேண்டும். அக்ஃபாவின் புகைப்படத் தொழில் 2005-ல் திவாலான பிறகும் இது சாகவில்லை. அடாக்ஸ் இன்னும் தயாரிக்கிறது. கிரெயினை மறைக்கிற எண்ணமே இதற்குக் கிடையாது. இவ்வளவு நீர்த்த பிறகு சல்ஃபைட் பெயருக்குத்தான் இருக்கும் என்பதால் ஒவ்வொரு மணலும் ஓரம் மழுங்காமல் நிற்கும். 400 வேக 35 மில்லிமீட்டர் பிலிமில் ஆகாயத்தைப் பார்த்தால் ரவை கொட்டிய மாதிரி இருக்கும். மெதுவான பிலிமிலும், 120 ரோலிலும் அதே கரைசல் மனிதர் தோலையும் கருங்கல்லையும் காட்டுகிற விதமே தனி.

ஆனால் நான் ரோடினலை மதிப்பது அதற்காக அல்ல. அது கெடுவதில்லை. திறந்த பாட்டில் வருடக்கணக்கில் நிற்கும். நிறம் தேநீராகி, பிறகு கருஞ்சிவப்பாகி, அடியில் படிகம் கட்டிய பிறகும் வேலை செய்யும். கரைத்துவைத்த டி-76 பாட்டில் நிறைய இருந்தால் ஆறு மாதம், பாதி இருந்தால் இரண்டு மாதம் என்பது கோடக்கின் கணக்கு. அதுவும் குளிர்ந்த ஊர்க் கணக்கு. எக்ஸ்டால் 1996-ல் வந்தது. வைட்டமின் சி-யின் குடும்பத்தைச் சேர்ந்த அஸ்கார்பேட்டை நம்பிச் செய்த கரைசல், கிரெயினும் கூர்மையும் வேகமும் ஒருசேரக் கிட்டத்தட்டக் கிடைக்கும் அருமையான சரக்கு. ஆனால் மொத்தமாக 5 லிட்டர் கரைக்க வேண்டும். கெட்டுப்போனால் நிறம் மாறாது, வாசம் மாறாது. கழுவி முடித்து ரீலைப் பிரிக்கும்போது கண்ணாடி மாதிரி வெறும் பிலிம் வரும். மாதத்துக்கு ஒரு ரோல் எடுக்கிறவர் அதை வாங்கிவைப்பதை நான் தடுப்பேன்.

இனி வெப்பத்துக்கு வருகிறேன். டெவலப்பர் பற்றி எழுதப்பட்ட ஏறத்தாழ எல்லா அட்டவணைகளும் 20 டிகிரி செல்சியஸில் தொடங்குகின்றன. கோடக், இல்ஃபோர்டு, அக்ஃபா ஊர்களான ராச்செஸ்டரிலும் வடமேற்கு இங்கிலாந்திலும் லெவர்கூசனிலும் குழாயைத் திறந்து கொஞ்சம் வெந்நீர் சேர்த்தால் வருகிற வெப்பம் அது. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் 35-ஐத் தொடும். அங்கே 10 நிமிடம் எடுக்கும் வேலை இங்கே இரண்டரையிலோ மூன்றிலோ முடிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றுவதற்கும் கொட்டுவதற்கும் ஆகிற சில விநாடிகளே படத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். வெள்ளையாக ஒரு சுவரோ வானமோ இருந்துவிட்டால் மறைக்க வழியில்லை. போதாததற்கு மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் சூட்டுக்கு ஒரே அளவில் வேகம் கூடுவதில்லை. ஹைட்ரோகுயினோன் குளிரில் படுத்துவிடும், சூட்டில் துள்ளும். ஆகவே 33 டிகிரியில் நேரத்தைக் குறைத்துக் கழுவிய நெகட்டிவ், 20 டிகிரியில் கழுவியதின் வேகப் பிரதி ஆகாது. காண்டிராஸ்ட்டின் குணமே வேறாக இருக்கும்.

பழைய கோடக் கையேடுகளில் வெப்ப நாடுகளுக்கென்று தனிப் பக்கங்கள் இருந்தன. ஜெலட்டின் ஊறி உப்பி அடிப்பிலிமைவிட்டுக் கழன்றுவிடாமலிருக்க டெவலப்பரில் லிட்டருக்கு 100 கிராம் வரை சோடியம் சல்ஃபேட் சேர்க்கச் சொல்வார்கள். குரோம் படிகாரத்தில் முக்கி இறுக்கச் சொல்வார்கள். இன்றைய பிலிம்களின் ஜெலட்டின் தொழிற்சாலையிலேயே நன்றாக இறுக்கப்பட்டு வருகிறது. இந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லை. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையை 1960களில் நிறுவியதற்குக் குளிரும் தூசியற்ற காற்றும் காரணம். 1967-ல் அங்கே உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் எக்ஸ்ரேத் தாளும் வந்தன. உண்டாக்குவதற்கு நீலகிரி தேடிப் போனோம். உண்டானதைக் கழுவியதென்னவோ திருச்சியிலும் தூத்துக்குடியிலும் ஸ்டுடியோக்களின் பின்கட்டில், தகரக் கூரைக்கு அடியில், மண்பானையைச் சுற்றி ஈரத்துணி போட்டுத்தான்.

நீர்த்தல் இங்கே மருந்தாகிறது. கரைசல் நீர்க்க நீர்க்க நேரம் நீளும். நீளும் நேரத்தைச் சூடு குறைக்கும். கடைசியில் கைக்கு அடங்கும் நிமிடம் கிடைக்கும். இல்ஃபோர்டு சொல்லும் கணக்குப்படி 3 டிகிரி கூடினால் நேரத்தில் கால் பங்கு குறைக்கலாம். எச்பி5 பிலிமுக்குச் சம அளவு நீர்த்த ஐடி-11-ல் 20 டிகிரிக்கு 13 நிமிடம் என்று போட்டிருக்கும். அது 24 டிகிரியில் ஏறக்குறைய 9 நிமிடம். நீர்க்காத கரைசலில் 20 டிகிரிக்கே ஏழரைதான். 24-ல் ஐந்தைத் தொட்டுவிடும். நீர்த்ததை எடுத்துக்கொள்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். அதென்ன 24? பாலித்தீன் பையில் ஐஸ்கட்டி போட்டு ஒரு பேசினில் மிதக்கவிட்டால் எட்டிவிடக்கூடிய வெப்பம் அது. கடைசியில் குழாய்த் தண்ணீரில் அலசும்போதும் வித்தியாசம் பயப்படும் அளவுக்கு இராது. 20-தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் கழுவிவிட்டு, 33 டிகிரித் தண்ணீரில் நேரே அலசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹைப்போ என்ற நிலைப்படுத்தும் கரைசலும் அலசும் நீரும் டெவலப்பரோடு சேர்ந்த கணக்குதான் என்பதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. போர் தண்ணீரில் டெவலப்பர் கரைக்காதீர்கள். சுண்ணாம்பு படியும், உப்பு என்ன செய்யும் என்று ஊருக்கு ஊர் மாறும். கேன் தண்ணீர் போதும். கடைசி அலசலுக்கும் அதுவே. காய்ந்த பிறகு பிலிமில் வட்டம் வட்டமாகத் தெரியும் கறை அங்கேதான் உண்டாகிறது.

வெப்பத்தைவிட ஆழமாகப் படத்தைத் தொடுவது நம் வெயில். நடுப்பகலில் கறுத்த முகம், வெளுத்த வேட்டி, பின்னால் சுண்ணாம்படித்த சுவர். இந்த இடைவெளியை எந்த டெவலப்பரும் தானாகத் தாங்கிக்கொள்ளாது. நிழலைப் பார்த்து வெளிச்சம் கொடு, வெளிச்சத்தைப் பார்த்துக் கழுவு என்பது பழைய பாடம். 400 பிலிமை 200 என்று மதித்து எடுத்து, கழுவும் நேரத்தை ஆறில் ஒரு பங்கு குறைத்தால் முகத்தில் கண்களும் வேட்டியில் மடிப்பும் சேர்ந்து கிடைக்கும். இரண்டு டெவலப்பர்களுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்தைவிட இந்த ஒரு மாற்றம் படத்தில் அதிகம் தெரியும். ஒன்று போய் இன்னொன்று என்று பாட்டில் மாற்றிக்கொண்டே இருக்கிறவர் அடைகிற ஏமாற்றத்தில் பாதி, மாற்ற வேண்டியது நிமிடமாக இருக்கும்போது பாட்டிலை மாற்றுவதால் வருகிறது.

சமையற்கட்டு டெவலப்பர்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன். 1995-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸும் மாணவர்களும் காபித் தூளையும் சலவைச் சோடாவையும் வைத்துப் பிலிம் கழுவிக் காட்டினார்கள். பிறகு வைட்டமின் சி-யும் அதில் சேர்ந்தது. வேலை செய்வது காஃபீன் அல்ல, காஃபீக் அமிலம். ஆகவே மலிவான இன்ஸ்டன்ட் தூள்தான் உத்தமம், கும்பகோணம் டிகிரி காபியை வீணாக்க வேண்டாம். தலைவலிக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையைக் காஸ்டிக் சோடாவிலும் சல்ஃபைட்டிலும் ஊறவைத்து ரோடினலின் தம்பியைத் தயாரிப்பவர்களும் இருக்கிறார்கள். உண்டாவது நச்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. வேடிக்கைக்குச் செய்யலாம். மகளின் கல்யாண ரோலை அதில் இறக்காதீர்கள்.

டெவலப்பருக்கு ஆளுமை உண்டு என்று நம்புகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஹென்றி கார்டியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணரின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார்; அவர் மறைந்த இரவில் வானத்தில் ஒரு ஒளி நகர்ந்ததைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் இவரும் ஒருவர். உலகம் சுற்றிய வருடங்களில் அவர் பிலிம்களைக் கழுவாமலே அனுப்பிவிடுவார். கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் மற்றவர்கள் வேலை. பாரிஸில் பியர் காஸ்மானின் லேபுக்கு அதில் பெரிய பங்கு. எதில் கழுவினார்கள் என்பது அவருக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. எட்வர்ட் வெஸ்டனோ தன் பிலிமைத் தானே பைரோ என்ற டெவலப்பரில் கழுவினார், அந்தக் கறைபடிந்த நெகட்டிவ்களிலிருந்துதான் அவருடைய குடைமிளகாய்ப் படம் வந்தது. இருவரில் யார் பெரியவர் என்று கேட்பது வீண். வெஸ்டனின் பைரோ, அசையாத பொருளும் பெரிய நெகட்டிவும் மணிக்கணக்கான பொறுமையும் கொண்ட வாழ்க்கைக்குப் பொருந்தியது. தெருவில் ஓடி எடுக்கிறவர் அந்தப் புட்டியைக் கடன்வாங்கினால் கிடைப்பது மஞ்சள் விரல்நகம் மட்டுமே.

கடைசியாக, என் தீர்ப்பு. மாதம் மூன்று நான்கு ரோலாவது கழுவுகிறவரானால் டி-76 அல்லது ஐடி-11 வாங்குங்கள், எது மலிவோ அது. ஒரு லிட்டர் கரைத்துச் சிறு சிறு பாட்டில்களில் விளிம்புவரை நிரப்பி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். சம அளவு கேன் தண்ணீர், 24 டிகிரி, ஒருமுறை உபயோகித்துக் கொட்டிவிடுங்கள். மெட்டால் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது, விரலிடுக்கில் அரிப்பு கண்டால் கையுறை போடுங்கள். தோன்றும்போது எடுத்து, தோன்றும்போது கழுவுகிறவரானால் ரோடினல், ஒன்றுக்கு 50. கூடவே 100 வேக பிலிம். ஒன்றுக்கு 100 என்று ஆசைப்பட்டால் 300 மில்லி டாங்கில் மூலச் சரக்கு 3 மில்லிதான் இருக்கும், ஒரு ரோலுக்கு அது பற்றாது. பெரிய டாங்கை எடுங்கள். இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் வேறு பெயரைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு நெகட்டிவ் உறையின்மேலும் பிலிம், நீர்த்த அளவு, வெப்பநிலை, நிமிடம் நான்கையும் எழுதுங்கள். நெகட்டிவை உள்ளே போடுவதற்கு முன்பே, பென்சிலால் எழுதுங்கள். பேனா மை இறங்கும்.